சர்வேயர் வீட்டு ரேடியோ விற்பனைக்கு

ரேடியோவை வாங்க ஆள் வருகிறது என்று தெரிந்ததிலிருந்து தையலம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சட்டைக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். நூலைப் பிரித்தாள். மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள். “போதும்மா தாயே, இன்னைக்கு நீ தைச்ச லட்சணம்!” என்று தன்னையே திட்டிக்கொண்டு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

விற்கப்போவது அவளுடைய ரேடியோ இல்லை, அவள் வீட்டுக்காரருடையது. நிலம் அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் சர்வேயர்தான். கைக்கு அடக்கமான சிற்றலை ரேடியோ, தோல் உறை, இழுத்தால் நீளும் ஏரியல். அவர் காடு மேடெல்லாம் அளந்து திரிந்த காலத்தில் கூடாரத்துக்குள் துணையாக இருந்த சாமான் அது. கடல் தாண்டி எங்கிருந்தோ வரும் பேச்சையும் பாட்டையும் கேட்பார். பாதி மொழி அவருக்கே புரியாது. புரிந்து என்ன ஆகப்போகிறது? “இன்னைக்கு இவன் எவ்வளவு தெளிவா வர்றான் பாரு!” என்பதுதான் அவருக்குத் தலைப்புச் செய்தி.

அந்த ரேடியோவுக்கும் தையலம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். அவளுடைய மோட்டார் மெஷின் ஓடினால் போதும், ரேடியோ கொரகொரவென்று கத்த ஆரம்பித்துவிடும். அதனால் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மோட்டார் ஓடக் கூடாது, அவசர வேலை என்றால் கால்மெஷினில் மிதித்துத்தான் தைக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டார். மறந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டால் கூடத்திலிருந்து ஒரு அதட்டல் வரும். அவளும் லேசில் விடுகிற ஆளா? “உங்க ரேடியோவா இங்க சோறு போடுது?” என்று பதிலுக்கு நாலு வார்த்தை விடுவாள். வாய் ஓய்ந்த பிறகு கால்மெஷினில் போய் உட்காருவாள். அப்படியே காலம் ஓடிவிட்டது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் பள்ளிக்கூடச் சீருடை மொத்தமாக வந்தது. தைக்கிற மும்முரத்தில் நேரம் போனதே தெரியாமல் மோட்டாரிலேயே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டாள். தெரு விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தாள். ரேடியோ காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தது. சர்வேயர் அதன் பக்கத்திலேயே, முகத்தைக்கூடச் சுளிக்காமல், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தையலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மனுஷனுக்குக் காது போய்விட்டது!

போய்க் கேட்டுவிடலாம்தான். ஆனால் அவர் வீம்பு அவளுக்குத் தெரியாதா? கண்ணாடி போட வைப்பதற்கே என்ன பாடுபட்டாள்! ஆகவே ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அந்த ஒரு மணி நேரம் கால்மெஷினிலேயே மிதித்தாள். மோட்டாரைப் போட்டு அவர் அதட்டாமல் இருந்துவிட்டால் குட்டு உடைந்துவிடுமே. மிதித்து மிதித்து முட்டி வீங்கியது. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

போன வாரம் அவர் திடீரென்று, “இப்பல்லாம் ஸ்டேஷனே இல்லடி. எல்லாரும் கடையை மூடிட்டான். இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்துடலாம்” என்றார். மகளைக் கூப்பிட்டுச் செல்போனில் விளம்பரமும் போடவைத்துவிட்டார். அன்றோடு ரேடியோ உறைக்குள் போயிற்று. சர்வேயர் சாயங்காலமே சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதட்டல் இல்லை, சண்டை இல்லை. வீடு வீடாகவே இல்லை. ‘இது போச்சுன்னா இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார்’ என்று அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் அதற்காகவே விற்பார். வாங்க வருகிறவன் தானாகவே வேண்டாம் என்று ஓட வேண்டும். அதற்கு வேண்டிய ஆயுதமோ அவள் மேஜைமேலேயே இருந்தது.

வந்தவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயது இருக்கும். தோளில் வார் அறுந்து முடிச்சுப் போட்ட பை. சிற்றலை சாயங்காலத்தில்தான் நன்றாகப் பிடிக்கும் என்று சரியாக ஆறு மணிக்குக் கதவைத் தட்டினான். அதிலேயே தையலம்மாவுக்குப் பகீரென்றது. விஷயம் தெரிந்த ஆள்!

“இதே செட்டு எங்கிட்ட இருந்துச்சு சார். லிஃப்ட் குழிக்குள்ள விழுந்து சுக்குநூறா போச்சு. அதுலேர்ந்து தேடாத இடமில்ல.” அவன் உறையைப் பிரித்து ரேடியோவைக் கையில் எடுத்த பக்குவத்தைப் பார்த்தால், இது இல்லாமல் கிளம்பமாட்டான் என்று தோன்றியது.

சர்வேயர் அவன் உதட்டையே பார்த்துவிட்டு, “ஆமாமா, பேட்டரியெல்லாம் புதுசு” என்றார்.

தையலம்மா உள்ளறைக்குப் போனாள். அவன் ரேடியோவைத் திருப்புகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல் கணீரென்று எதையோ வாசித்தது. தையலம்மா மோட்டார் மெஷினின் பெடலை ஒரே மிதியாக மிதித்தாள். பெண் குரல் கொரகொரப்பில் மூழ்கிப்போயிற்று.

“என்ன சார் இது, ஒரே இரைச்சலா இருக்கு?”

“பாத்தீங்களா, எவ்வளவு தெளிவு!” என்றார் சர்வேயர் பெருமையாக.

மெக்கானிக் அவரைப் பார்த்தான். ரேடியோவைப் பார்த்தான். ஏரியலை இப்படியும் அப்படியும் திருப்பினான். பால்கனிக்குக் கொண்டுபோனான். தையலம்மா விடவில்லை. அவன் நகர்ந்தால் நிறுத்தினாள், ஸ்டேஷன் பிடித்தால் மிதித்தாள். ‘ஓடிப்போயிடு தம்பி, ஓடிப்போயிடு’ என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

அவன் ஓடவில்லை, நேராக உள்ளறை வாசலுக்கு வந்து நின்றான். மெஷினைப் பார்த்தான். துணி இல்லை. ஊசியில் நூலும் இல்லை. மெஷின் மட்டும் தடதடவென்று வெறும் காற்றைத் தைத்துக்கொண்டிருந்தது.

“அம்மா, என்ன தைக்கறீங்க?”

தையலம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. காலை எடுத்தாள். கூடத்தைக் காட்டி, அவன் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். “தம்பி, உங்களுக்குப் புண்ணியமா போகும், அதை வாங்காதீங்க. அவருக்குக் காது போச்சு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. கேக்கலைங்கற வெறுப்புல விக்கறார். அது போயிட்டா அவர் அப்படியே படுத்துடுவார். எனக்குப் பயமா இருக்கு.”

மெக்கானிக்கின் முகம் தொங்கிவிட்டது. தேடித் தேடிக் கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை என்றால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? ரேடியோவை ஒரு தடவை தடவிக் கொடுத்தான். அப்புறம் பெருமூச்சு விட்டான்.

“சரிம்மா, வாங்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன், சார் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டிருக்காரா?”

“அதெல்லாம் தொட்டதே இல்ல. ரேடியோன்னா வீடு பூரா கேக்கணும்பார்.”

அவன் பையிலிருந்து காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். சர்வேயரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, நிதானமாக, உரக்கச் சொன்னான். “சார், இந்த ஹெட்ஃபோன் ஓட்டையில எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பக்கம் கம்மியா வர்ற மாதிரி இருக்கு. செட்டு உங்களோடது, உங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

“என் செட்டுல அப்படியெல்லாம் வராதே!” சர்வேயருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஹெட்ஃபோனைச் செருகியதும் ரேடியோவின் சத்தம் அடங்கிற்று. மெக்கானிக் ஒலியை மெல்ல மெல்லக் கூட்டினான். தையலம்மா கதவோரமாக நின்று பார்த்தாள். சர்வேயரின் புருவம் முதலில் சுருங்கியது. பிறகு உயர்ந்தது. வாய் திறந்தது. அவனை ஒதுக்கிவிட்டுத் தானே குமிழைத் திருப்பினார். ஒரு இடத்தில் நின்றார், இன்னும் கொஞ்சம் திருப்பினார், மறுபடியும் நின்றார்.

“அட! இவன் இருக்கானே! மூடலடி, இவன் மூடவே இல்ல!” என்று போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

தையலம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. சர்வேயர் சின்னப் பிள்ளை மாதிரி அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவினார். அங்கே பாட்டு போலிருக்கிறது, தாளத்துக்குத் தப்பாகத் தொடையில் தட்டினார். வாங்க வந்தவன் ஒருத்தன் எதிரே நிற்கிறான் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

“வாங்க வந்தேன். இருந்ததையும் குடுத்துட்டுப் போறேன்” என்று மெக்கானிக் சிரித்தான். “ஹெட்ஃபோன் இங்கயே இருக்கட்டும்மா. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு.”

“நல்லா இருக்கே! சும்மா வாங்கிக்கறதுக்கு நான் என்ன…? அந்தப் பையைக் குடுங்க. வாரைப் பாரு, முடிச்சு மேல முடிச்சு. நீங்களும் ஒரு குழிக்குள்ள விழறதுக்கா?” பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வாரை மடித்து வைத்தாள், நூலைக் கோத்தாள், இருந்த சந்தோஷத்தில் மோட்டாரை ஒரு மிதி மிதித்தாள்.

“நிறுத்துடி! காதுல வண்டு குடையற மாதிரி இருக்கு! மணி என்ன ஆச்சு, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா?”

வீடே அதிர்ந்தது. திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று! தையலம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. “இதோ நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்!” என்று, கேட்காது என்று தெரிந்தும் பதில் சொன்னாள். எழுந்து கால்மெஷினில் உட்கார்ந்தாள். முட்டி சுருக்கென்றது. போனால் போகட்டும் என்று மிதித்தாள்.

அப்போதுதான் சர்வேயர் மெக்கானிக்கைக் கிட்டே வரும்படி விரலால் அழைத்தார். உள்ளறைப் பக்கம் ஒரு கள்ளப் பார்வை பார்த்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ரகசியம் சொன்னார். காதை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே பாட்டு முழங்கும்போது சொல்கிற ரகசியம் எப்படி இருக்கும்? மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்குக்கூடக் கேட்டது.

“தப்பா நினைக்காதீங்க தம்பி! எனக்குக் காது கேக்கறதில்ல! அவளுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க! நான் ரேடியோ கேக்கறேன்னு நினைச்சு அவ பாவம், மோட்டாரை நிறுத்திட்டுக் காலால மிதிக்கறா! ராத்திரி முட்டியைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்காம கிடக்கறா! கேக்காத ரேடியோவுக்கு அவ எதுக்கு மிதிக்கணும்? அதான் தொலைச்சுடலாம்னு பாத்தேன்!”

கால்மெஷின் நின்றுவிட்டது. வெறுப்பில் விற்கிறார் என்று எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டாள்! பக்கத்தில் படுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவளுடைய முட்டியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனுஷர். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

மெக்கானிக் பைக்காக வந்து நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உத்தரத்தைப் பார்த்தான்.

“கேட்டுச்சா தம்பி?”

“கீழ வாட்ச்மேனுக்கே கேட்டிருக்கும்மா.”

தையலம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வாரை இரட்டைத் தையலாகப் போட்டு முடித்துப் பையை அவனிடம் கொடுத்தாள். “ஞாயித்துக்கிழமை வாங்க. உக்காந்து அவரோட கேளுங்க. உங்களுக்கும் செட்டு இல்ல, அவருக்கும் பேச ஆள் இல்ல.” அவன் முகம் மலர்ந்து தலையாட்டிவிட்டுப் போனான்.

அவள் கூடத்துக்கு வந்து சர்வேயரின் எதிரே நின்றாள். அவர் ஒரு பக்கத்து ஹெட்ஃபோனை மட்டும் தூக்கி, “என்ன?” என்றார்.

அவள் குனிந்து அந்தக் காதுக்குள் கத்தினாள். “நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்!”

“காது டாக்டரா? எனக்கென்ன?” சர்வேயர் விறைத்து நிமிர்ந்தார். “எனக்குக் காது கேக்கலைன்னு எவன் சொன்னான்?”

“நீங்கதான் சொன்னீங்க! இப்பத்தான்! தெருவுக்கே!”