சோபாவின் நடு இடம்

பல் டாக்டருக்கு ஒரு குணம். யாராவது "உங்களால முடியாது" என்று சொல்லிவிட்டால் போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. இந்த முறை அப்படிச் சொன்னது மனைவியின் தம்பி.

"அத்தான், சென்டர் ஸ்பீக்கர் எல்லாம் வீட்டுல செய்யற சமாச்சாரமா? கடையில வாங்கினோமா, மாட்டினோமான்னு இருங்க."

டிவிக்குக் கீழே நீட்டிப் படுத்திருக்குமே, அதுதான் சென்டர் ஸ்பீக்கர். படத்தில் வரும் பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் வரும். டாக்டர் வீட்டில் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள் நின்றன, நடுவில்தான் ஒன்றுமில்லை. வெடி கேட்கும், மழை கேட்கும், கதாநாயகி ஏன் அழுகிறாள் என்பது மட்டும் அரைகுறையாகத்தான் கேட்கும். மூலையில் உட்கார்ந்திருக்கும் மனைவி "என்ன சொன்னா?" என்பாள். நடுவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் "ஷ்ஷ்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடப்பு.

மச்சானுக்கு ஸ்பீக்கர் மேல் அக்கறை ஒன்றுமில்லை. அவன் கண் டாக்டரின் சின்ன அறை மேல். ரம்பமும் சால்டரிங் கம்பியும் மரத்தூளுமாக டாக்டர் ஆனந்தமாக வாழும் அறை அது. உருப்படியாக ஒன்றும் செய்யாதவருக்கு அறை எதற்கு, "வீடு கிடைக்கிற வரைக்கும்" அங்கே நான் தங்குகிறேன் என்றான். போன தடவை அவன் வேறொரு அக்கா வீட்டில் வீடு கிடைக்கிற வரைக்கும் தங்கியதில், கடைசியில் அந்த அக்காதான் வீடு மாறிப் போனாள்.

பஞ்சாயத்து மாமியாரிடம் போனது. மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு 'ஹலோ'வைக் கேட்டே பேசுகிறவனுக்குக் காய்ச்சலா, கடன்காரனா என்று சொல்லிவிடுவார்.

"அடுத்த மாசம் வரேன் மாப்பிள்ளை. நீங்க செஞ்ச பெட்டியில பேச்சு சுத்தமா கேட்டா அறை உங்களுக்கு. இல்லைன்னா என் பையனுக்கு."

மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் யார் பக்கம் என்று டாக்டருக்குப் புரியவில்லை.

வேலை மும்முரமாக நடந்தது. நடுவில் கீச்சுக் குரலுக்கு ஒரு ட்வீட்டர், அதன் இரண்டு பக்கமும் கனத்த குரலுக்கு ஒவ்வொரு வூஃபர், எல்லாம் ஒரே வரிசையில். கடையில் விற்பதெல்லாம் அப்படித்தானே இருக்கிறது! பெட்டியின் மூலைகளில் காற்று கசிந்தது. டாக்டர் கிளினிக்கிலிருந்து பல்லுக்கு அச்சு எடுக்கும் பசையைக் கொண்டு வந்து அடைத்தார்.

"நம்ம டிவிக்கு மட்டும்தாங்க வாய் மணக்குது" என்றாள் மனைவி. பசையில் புதினா வாசனை.

தினமும் சோபாவின் நடுவில் உட்கார்ந்து கேட்டார், திருத்தினார், மறுபடி கேட்டார். பேச்சு கண்ணாடியாக வந்தது. டாக்டர் தலைகால் புரியாமல் திரிந்தார்.

மாமியார் வரும் அன்று மத்தியானம் சோபாவின் நடுவில் துவைத்த துணிகள் மலையாகக் கிடந்தன. ஒதுக்கி வைக்கச் சோம்பல்பட்டு, டாக்டர் மனைவியின் மூலையில் உட்கார்ந்து படத்தைப் போட்டார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதாநாயகி குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினாள். துணிமலை மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்: சுத்தம். மூலை: குடம். எதிர் மூலை: அதுவும் குடம்.

விஷயம் புரிந்துவிட்டது. நடுவில் இருப்பவனுக்கு இரண்டு வூஃபரும் ஒரே தூரம், இரண்டு சத்தமும் சேர்ந்து வந்து சேரும். மூலையில் இருப்பவருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு குரலைத் தின்றுவிடும். குரலுக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கரை நடுவில் வைத்து, அதன் தலைமேல் ட்வீட்டரை ஏற்றியிருக்க வேண்டும். இனி பலகை அறுக்க நேரமில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

மாமியார் நேராக மூலைக்குப் போனார்.

"அத்தை, அங்க வேண்டாம்! ஸ்பிரிங் போயிடுச்சு, இடுப்பைப் பிடிச்சுக்கும். நீங்க நடுவுல உக்காருங்க. ஃபேன் காத்தும் நல்லா வரும்."

"மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்ன இவ்வளவு கரிசனம்!" என்று மாமியார் பூரித்துப்போய் நடுவில் அமர்ந்தார். ஸ்பிரிங் போன மூலையில் மனைவி சிரமமே இல்லாமல் உட்கார்ந்ததை அவர் கவனிக்கவில்லை. மச்சான் எதிர் மூலையில் போனும் கையுமாகச் சாய்ந்தான். டாக்டர் பின்னால் நின்றுகொண்டார்.

படம் முடியும் கட்டம். கதாநாயகி என்னவோ சொன்னாள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா சொன்னா?" என்று மூலையிலிருந்து மெதுவாகக் கேட்டாள் மனைவி.

"ஷ்ஷ்" என்றார் மாமியார்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. இவளுக்குப் படத்தில் கவனம் இல்லை என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்! பழைய ஸ்பீக்கர்களிலும் அந்த மூலையில் ஒன்றுமே கேட்டிருக்காது. இப்போது வெட்கமாக இருந்தது, அறை போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

"ஒவ்வொரு எழுத்தும் காதுல விழுந்துச்சு மாப்பிள்ளை!" என்றார் மாமியார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையேம்மா" என்றான் மச்சான்.

"போனை நோண்டிக்கிட்டே இருந்தா எப்படிடா கேக்கும்? நீ சொல்லுடி."

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள்.

"தெளிவா கேட்டுதும்மா" என்றாள் அவள்.

அறை தப்பித்தது. மச்சான் முகம் இஞ்சி தின்ற குரங்காகிவிட்டது. டாக்டர் காபி டம்ளர்களை எடுக்கும் சாக்கில் மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்தார்.

"கடைசில அவ என்ன சொன்னா?"

"யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஏன் கேட்டுதுன்னு சொன்னே?"

"என் தம்பி இங்க வந்து உக்காந்தா, அவன் பேச்சு எல்லா மூலையிலயும் கேக்கும். அதுக்கு இது தேவலை." அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். "மத்தியானம் நீங்க என் இடத்துல உக்காந்து முழிச்சதை இங்கேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலேருந்து, நீங்க அங்க உக்காந்தது இதுதாங்க முதல் தடவை."

டாக்டர் டம்ளர்களைத் தொட்டியில் வைத்தார்.

"தப்புதாம்மா. நான் தோத்துட்டேன்னு அத்தைகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லுவீங்க, அவன் சூட்கேஸோட வந்து நிப்பான்" என்றாள் அவள். "வாயை மூடிக்கிட்டு போய் ஸ்பீக்கர் பெட்டியைத் திறங்க."