ஏழாவதாக இறங்கியவள்

ஜூன் பிறந்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பாலே நடனத்தால் இல்லை. பாலே பார்க்க வருகிற ஜனங்களால்.

முப்பத்தொரு கோடைகாலமாக நியூயார்க்கில் அந்தப் பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், நின்று பார்ப்பவர்களுக்கென்று போட்டிருக்கும் கம்பியில் முழங்கையை ஊன்றிப் பார்த்து வருகிறவள் நான். பெயர் ஹெட்டி. பிழைப்புக்கு குவீன்ஸ் பகுதியில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. கோடை எட்டு வாரமும் புதன்கிழமை வரமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டேன். டாக்டர் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நல்ல மனிதர், பாலே பிடிக்காது.

நாயகியாக ஆடுகிறவள் ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு சடங்கு உண்டு. ஆட்டம் முடிந்ததும் அவளை மேடை நடுவில் தனியாக நிற்க வைப்பார்கள். இத்தனை வருடம் அவளைத் தூக்கி ஆடிய ஆண்கள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு பூங்கொத்தைக் கொடுத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். மேலேயிருந்து பளபளக்கும் காகிதத் துண்டுகள் கொட்டும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது இரண்டு நாள் அழுதேன். இப்போது அதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஆடும்போது ஒருநாளும் வராது, போகும்போது மட்டும் வரும். எழவு வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து வருகிற சொந்தக்காரர்கள் மாதிரி.

போன சனிக்கிழமை பகல் ஆட்டம் நாயகி இலாரியாவின் பிரியாவிடை. அவள் கால் ஒடிந்து, பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்து ஆடிய அன்று பாதி அரங்கு காலி. அன்றைக்கு இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள்? சனிக்கிழமை மட்டும் மூச்சுவிட இடமில்லை. கடைசி இருபது நிமிடமும் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னத் திரையில் பார்த்து அழுகிறார்கள். ஒருத்தி மேடை ஓரம் வரை போய், கீழே விழுந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா ஹெட்டி, மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? பல்லு புடுங்க வந்த ஆளு மாதிரி," என்றான் மார்ட்டி. சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன், இருபது வருடமாகக் கம்பியில் எனக்குப் பக்கத்து இடம்.

"யோவ், அங்க பாருய்யா. குப்பைய பொறுக்குறா."

"பொறுக்கிட்டுப் போறா. உங்க வீட்டுக் குப்பையா?"

வெளியே பின்வாசலில் இன்னும் மோசம். இலாரியாவுக்காக இருநூறு பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. எல்லாப் போனும் எழுந்தது. வந்தது மாவிஸ். உடனே எல்லாப் போனும் இறங்கியது. தலையைக் கூடத் துவட்டாமல், தோளில் பையோடு படியில் நின்றவளிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவ மறைக்கிறீங்க," என்றான் ஒருவன். அதே மேடையில் இருபத்திரண்டு வருடம் ஆடியவளிடம்! எனக்கு அவன் மேல் எச்சில் துப்ப வேண்டும்போல் இருந்தது.

மாவிஸ் தள்ளி நின்றாள். அவளுக்கு அது பழக்கம். அவள் வரிசைப் பெண். நாயகிக்குப் பின்னால் இருபத்துநாலு பேர் ஒரே மாதிரி வெள்ளை உடுத்தி, ஒரே மாதிரி கை தூக்கி ஆடுவார்கள் இல்லையா, அதில் ஒருத்தி. அவர்களில் யாராவது தனியாகத் தெரிந்தால் அது குற்றம்.

"ஹெட்டி, புதன்கிழமை பகல் ஆட்டத்துக்கு வருவீங்கதானே?" என்றாள்.

"நான் எந்தப் புதன்கிழமை வராம இருந்தேன்?"

"அதோட எனக்கு முடிஞ்சுது. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

வரிசைப் பெண்களுக்குப் பிரியாவிடை கிடையாது. பூ கிடையாது, காகிதம் கிடையாது. அடுத்த வருட நிகழ்ச்சிப் புத்தகத்தில் பெயர் இருக்காது, அதைப் பார்த்துத்தான் நாங்களே தெரிந்துகொள்வோம்.

"ஒரு உதவி பண்ணணும்," என்றாள். "அம்மா ஸ்க்ராண்டன்லேருந்து வர்றாங்க. எழுபத்தொன்பது வயசு. ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்துட்டு, 'எல்லாரும் ஒண்ணாத்தான்டி இருக்காளுங்க, இதுல உன்னை எங்கன்னு தேடுறது'ம்பாங்க. ஒரு தடவகூட என்னை அவங்க பார்த்ததில்ல ஹெட்டி. உங்க கம்பிக்கு நேர் முன்னாடி சீட்டு வாங்கிக் குடுத்திருக்கேன். எது நான்னு காட்டிடுங்க. எனக்கு அது போதும்."

"இது ஒரு வேலையா? என் கண்ணைக் கட்டி விட்டாலும் காட்டுவேன்."

சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வரிசையில் ஒவ்வொருத்தியையும் முதுகை வைத்தே சொல்வேன். மாவிஸுக்கு இடது மணிக்கட்டு. மற்றவர்கள் கை நின்ற பிறகு அவள் மணிக்கட்டு மட்டும் ஒரு இமைப்பொழுது தாமதித்து நிற்கும். ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள் கண்ணிலேயே படாதது, என் கண்ணில் பட்டிருக்கிறது.

மார்ட்டியிடமும் எங்கள் கூட்டாளி டெல்ஃபினிடமும் மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பியோனிப் பூ வாங்கி, கம்பி எதுவும் சுற்றாமல், காம்பை விரல் நீளத்துக்கு நறுக்கி, ரப்பர் வளையம் போட்டு மூன்று கொத்து கட்டினேன். மேடைக்கு எறிகிற பூ அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடுகிறவர்கள் காலைக் கிழித்துவிடும். புதுக்கூட்டத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு எறிவார்கள், பாதி தூரம் போய் வாத்தியக்காரர் தலையில் விழும்.

புதன்கிழமை மாவிஸின் அம்மா நீலக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கையில் மிட்டாய்ப் பொட்டலம். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கதான் ஹெட்டியா? ஒண்ணு எடுத்துக்கங்க," என்று நீட்டினார். என் பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டினேன்.

"மேடைல பின்னாடி ஒரு சரிவு இருக்கும். ஒவ்வொருத்தரா இறங்கி வருவாங்க. ஏழாவது ஆளு உங்க பொண்ணு. பதினோரு வருஷமா அதான் அவ இடம். நான் தோளைத் தொட்டதும் பாருங்க, அதுக்கப்புறம் கண்ணை எடுக்காதீங்க."

"விட்டுற மாட்டீங்களே?"

"நானா?"

அன்றைய பகல் நிகழ்ச்சியில் மூன்று சிறு ஆட்டம். வரிசைப் பெண்கள் வெள்ளை உடுத்தி ஆடுவது கடைசி. இரண்டாவது இடைவேளை முடிந்து விளக்கு அணைகிற நேரத்தில் எனக்கு இடப்பக்கம் ஒருத்தி வந்து ஒட்டினாள். முப்பது வயது இருக்கும். கையில் உருளைக்கிழங்கு வறுவல். கரக், கரக் என்று சத்தம். அந்த எண்ணெய் விரலால் கம்பியைத் தொட்டாள். பிறகு என் காதில், "அடுத்த சனிக்கிழமையும் யாரோ ரிட்டயர் ஆகறாங்களாமே, டிக்கெட் கெடைக்குமா?" என்றாள். வறுவல் நாற்றம் என் முகத்தில் அடித்தது.

இசை தொடங்கியது. சரிவின் உச்சியில் முதல் பெண் தோன்றினாள். பக்கத்தில் போன் எழுந்தது, முழு வெளிச்சத்தோடு.

"போனை இறக்கு," என்றேன்.

"ஒரே நிமிஷம்."

"இறக்குன்னேன்."

"எதுக்கு இந்தக் கோவம்? நீங்கபாட்டுக்கு மேடையப் பாருங்க ஆன்டி."

ஆன்டி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ணெய் என் கையில் ஒட்டியது. அவள் இழுத்தாள், நான் விடவில்லை. மேடையில் இறங்குகிறார்கள் என்று தெரியும். ஒருத்தி ஒரு காலைப் பின்னால் தூக்கி நின்று, நிமிர்ந்து, இரண்டடி வைப்பதற்கு எத்தனை தாளம் என்பது எனக்கு மனப்பாடம். பார்க்க வேண்டியதே இல்லை. ஐந்து. ஆறு. ஏழு. வலக்கையை நீட்டி முன்னால் இருந்த தோளைத் தொட்டேன்.

"அதோ. உச்சியில நிக்கிறா பாருங்க, அவதான்."

பைனாகுலர் எழுந்தது. நான் திரும்பிப் போனைப் பிடுங்கி அவள் பையிலேயே போட்டேன். பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு திருப்தி.

மிச்ச நேரமெல்லாம் அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பைனாகுலரை ஒரு நொடி இறக்கவில்லை. வரிசை பிரிந்து, சேர்ந்து, குறுக்கே போனாலும் அவர் தலை அந்த ஒருத்தியோடேயே போயிற்று. நடுவில் தோள் குலுங்கியது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மேடை எனக்கு வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளிகள்தான். அப்போதும் நான் மேடையைப் பார்க்காமல் அந்த வறுவல்காரி மறுபடி போனை எடுக்கிறாளா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கைதட்டல் தொடங்கியதும் மூன்று பேரும் இருக்கைகளுக்கு நடுவே இருந்த பாதையில் மேடையை நோக்கி ஓடினோம். வரிசைப் பெண்கள் முன்னுக்கு வந்து குனிந்தார்கள். ஏழாவது இடத்தைக் குறிவைத்து, "மாவிஸ்!" என்று கத்தி எறிந்தேன். மார்ட்டியும் டெல்ஃபினும் எறிந்தார்கள். மூன்று கொத்தும் காலடியிலேயே விழுந்தது. அவ்வளவு அருமையான குறி.

அவள் நிமிர்ந்தாள். பத்தொன்பது வயது டெஸ்ஸா. வசந்தத்தில்தான் சேர்ந்தவள். பூவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், என்ன செய்வது என்று தெரியாமல் முகம் வெளுத்து நின்றாள்.

கடைசி வரிசையில், வலது ஓரத்தில், பக்கத்திரை ஏறக்குறைய மறைக்கிற இடத்தில் ஒரு கை இறங்கியது. மணிக்கட்டு மட்டும் ஒரு இமைப்பொழுது தாமதித்தது. மாவிஸ் அந்தப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை விழுந்தது.

"ஹெட்டி," என்றான் மார்ட்டி, "அது மாவிஸ் இல்லையே."

"வாயை மூடு."

திரும்பி வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பார்த்துட்டேம்மா. இருபத்திரண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் பார்த்தேன். அந்தக் கழுத்து இருக்கே, எங்க வீட்டுக்காரர் கழுத்து, அப்படியே. இதை எப்படி இத்தனை நாள் கவனிக்காம விட்டேன்?"

போனை இறக்கு, சத்தம் போடாதே, காலை மடக்கு என்று ஊரையே அதட்டின வாய் இது. அப்போது திறக்கவில்லை. இப்போது சொன்னால் அவர் பார்த்ததையும் பிடுங்குவதாகும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

பின்வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. மாவிஸ் வந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "ஏழாவதா வந்தியேடி! நீ இறங்குனதுலேருந்து கண்ணை எடுக்கலடி. குறுக்க ஓடுறப்ப கூட விடல. எவ்வளவு அழகா ஆடுன!" என்றார்.

மாவிஸ் அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆமாம்மா. நான்தான்," என்றாள்.

"பூவெல்லாம் போட்டாங்களே, எங்கடி?"

"உள்ள தண்ணில வெச்சிருக்கேம்மா."

டாக்ஸி வந்தது. அம்மா ஏறி, கோட்டை இழுத்துவிட்டுக்கொள்ளும் நேரத்தில் மாவிஸ் என் பக்கம் வந்தாள்.

"மத்தியானம் ஒருத்திக்கு கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு. இடத்தையெல்லாம் மாத்திட்டாங்க, என்னை இருபத்திரண்டாவது இடத்துல போட்டுட்டாங்க. உங்களுக்கு ஆள் விட்டுச் சொல்லலாம்னு கதவு வரைக்கும் வந்தேன்." தோள் பையை மாற்றிக்கொண்டாள். "அப்புறம், ஹெட்டியாச்சே, அவங்க கண்டுபிடிச்சிருவாங்கன்னு திரும்பிப் போயிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அந்த வறுவல்காரியைப் பற்றி, போனைப் பற்றி, என் நாக்கில் அவைதான் வந்து நின்றன. எனக்கு என்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. மாவிஸ் காத்திருக்காமல் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக்கொண்டாள்.

கண்ணாடி இறங்கியது. அந்த அம்மா கையை நீட்டி என் கையைப் பிடித்தார்.

"உங்க கண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாதும்மா," என்றார்.

மாவிஸ் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நன்றி என்று சொன்னேன்.