கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்

எந்தப் பொருளையும் வாய் நிறையக் குறை சொல்லாமல் வாங்கினால் பாத்திரக்கடைக்காரருக்கு அன்றைக்குச் சோறு செரிக்காது. பதினாலு வருஷப் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போனபோது, மெக்கானிக்காக இருந்த மச்சானையும் கூட்டிக்கொண்டார். வழியிலேயே பாடம் நடத்தியாகிவிட்டது: வண்டி எப்படியிருந்தாலும் மூஞ்சியைத் தொங்கப்போட வேண்டும், உச்சுக் கொட்ட வேண்டும், வேண்டாம் என்று கிளம்பிவிட வேண்டும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

கார் மகளுக்கு; அவளும் கூட வந்திருந்தாள். நர்ஸ் வேலை, தினமும் மலைப்பாதையில் ஒரு மணி நேரம்.

மச்சான் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தான். ஆறிக்கிடந்த இஞ்சினைக் கிளப்பிப் புகையின் நிறம் பார்த்தான். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைத் தடவிக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் விலையைக் குறைத்தார். விற்கிறவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா, பேரம் பழகாத மனுஷர். தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு மச்சான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அத்தான், இது வேண்டாம். வாங்க போலாம்."

என்னமாய் நடிக்கிறான் என்று கடைக்காரர் சொக்கிப்போனார். சூட்டோடு சூடாக விலையில் இன்னொரு பெரிய தொகையைத் தட்டிவிட்டுக் கைகுலுக்கினார். மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு, போதும் என்று கண்ணடித்தார்.

மகள் சாவியை வாங்கி ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். மச்சான் பாய்ந்து போய் ஜன்னலுக்குள் கைவிட்டு இஞ்சினை அணைத்தான்.

"இறங்கு பாப்பா. அத்தான், நான் நடிக்கல. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கு. உள்ள இரும்பே இல்ல."

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். மச்சான் டார்ச்சை நீட்டியதும் சிரிப்பு பாதியில் செத்தது. வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து தலையை உள்ளே விட்டார். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஓடும், வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி விரல் உள்ளே போய்விட்டது. துரு முகத்தில் கொட்டியது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே கிடந்தார்.

குமாஸ்தாவும் குனிந்து பார்த்தார். போன வருஷம் புரோக்கர் கொடுத்தபோதே அடியில் புதுப் பெயிண்ட், நல்லதுக்குத்தான் என்று நினைத்தாராம். "நேத்துகூட பேரனை இதுலதாங்க ஸ்கூல்ல விட்டேன்" என்றவர், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் இறங்கி நின்றாள்.

"மாமா வேண்டாம்னு சொன்னப்ப நீங்க கேட்டுட்டுதானேப்பா இருந்தீங்க?"

முப்பது வருஷம் வாயை வைத்தே பிழைத்தவர் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்.

"நல்லா பண்றான்னு நெனச்சேம்மா."

மகள் சாவியைக் குமாஸ்தாவின் கையில் வைத்துவிட்டு, மாமாவின் பக்கத்தில் போய் நின்றாள்.