கடைசிப் பாம்பாண்டுக்காரன்

புகாராவில் என் உடம்பைப் பற்றி என்னைவிட அதிகம் கவலைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஹோசியத். இன்னொருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த கசாப்புக்காரன் பராத். நான் இருமினால் இரண்டு வீட்டிலும் விளக்கேற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஹோசியத்தின் புருஷன் மெங்லிபாய் அவளைவிட மிகவும் மூத்தவன். கீவாவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன் செம்மணல் பாலைவனத்தில் காணாமல் போனான். அவனுடைய ஒட்டகங்களில் ஒன்று மட்டும், கிழிந்த தண்ணீர்த் தோல்பையோடு திரும்பி வந்தது. எவ்வளவோ விசாரித்தும் அது வாய் திறக்கவில்லை. மறுமணம் செய்யலாமா என்று கேட்டுப் போன ஹோசியத்துக்குக் காஜியார் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார். காணாமல் போனவனின் வயதொத்தவர்கள் ஊரில் எல்லோரும் மௌத்தாகும் வரை அவன் உயிரோடு இருப்பதாகவே கணக்கு. எங்கள் பக்கம் எலியாண்டு, புலியாண்டு, பாம்பாண்டு என்று பன்னிரண்டு ஆண்டுக்கும் மிருகங்களின் பெயர்தான்; மெங்லிபாய் பாம்பாண்டில் பிறந்தவன். அதே பாம்பாண்டில்தான் நானும் பிறந்தேன்.

எங்கள் ஊரில் அப்போது பாம்பாண்டுக்காரர்களுக்குக் குறைவே இல்லை. தீர்ப்பு வந்தபின் என்ன மாயமோ, வரிசை கட்டிப் போனார்கள். ஒருவன் முலாம்பழத்தை அளவில்லாமல் தின்று போனான். அவனுக்குப் பழம் தின்னாதே என்று புத்தி சொல்லிவிட்டு வந்தவன் வழியில் குளத்தில் விழுந்து, அவனுக்கும் முன்னால் போனான். நூறு வயது வரை இருப்பேன் என்று பந்தயம் கட்டிய ஒருவன், கட்டிய இடத்தைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. கடைசியாக, என்னைத் தவிர மிச்சமிருந்த ஈஷ்னியாஸை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, ஜனாஸாக் கூட்டம் முழுவதும் என்னையே பார்ப்பதைக் கவனித்தேன்.

மறுநாள் காலை பராத் என் சேணக் கடைக்கு வந்தான்.

"சாச்சா, முகம் வாடிக் கெடக்கே. உடம்புக்கு ஏதும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணுமே இல்லையா?" என்றான், சற்று மனமுடைந்து.

அந்த வாரம் ஹக்கீம் என் நாடியைப் பார்த்துவிட்டு, கொழுப்பு தின்றால் உயிருக்கு ஆபத்து என்றார். சொன்ன இடம் கசாப்புக் கடை. அன்று மாலையே ஆட்டு வால்கொழுப்பு ஒரு பெரிய தட்டு நிறைய என் வீட்டுக்கு வந்தது. தினமும் வந்தது. எல்லாவற்றையும் பூனைக்குப் போட்டேன். பூனை பெருத்த பெருப்பைப் பார்த்து, பராத் கண்ணில் பட்டால் தராசில் தூக்கி வைத்துவிடுவான் என்று அதை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தேன். தூக்கம் போயிற்று. நாவிதன் கத்தியைத் தீட்டினால் எழுந்து போய்விடுவேன்.

ஒரு நாள் ஹோசியத்தே வந்தாள். முகத்திரையை விலக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"சாச்சா, உங்க சாவை நான் கேக்கல. தொழுதுட்டு அல்லாகிட்ட என் விடுதலையத்தான் கேக்குறேன். ஆனா ரெண்டும் ஒரே எடத்துலதான் போய் நிக்குது. கையேந்தவே பயமா இருக்கு."

"கேளும்மா, தப்பில்ல," என்றேன்.

"கொழுந்தன் வீட்டு மூலையில உக்காந்தே தலை நரைச்சுப்போச்சு. நேத்து நீங்க தும்முன சத்தம் தெருவுல கேட்டுச்சு. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம் அழுதேன்."

அதுவரை எனக்கு இருந்தது ஒரே பயம், செத்துவிடுவேனோ என்று. அன்றிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, சாகாமலே இருந்துவிடுவேனோ என்று.

தீர்ப்பை மாற்றச் சொல்லிக் காஜியாரோடு பேச வேண்டுமானால் காஜியார் படித்ததைப் படிக்க வேண்டும். வெள்ளைத் தாடியைச் சீவிக்கொண்டு மதரஸாவுக்குப் போனேன். அங்கே பாடம் சொல்லும் இனாயத்துல்லா ஹஸ்ரத்துக்கு என் மகன் வயது.

"என்ன பெரியவரே, ஜனாஸாத் தொழுகையைச் சரியாக் கத்துக்கலாம்னு வந்தீங்களா?"

"அதைத் தள்ளிப்போட வழி இருக்கான்னு கத்துக்க வந்தேன், ஹஸ்ரத்."

மாணவர்கள் பாயில் உருண்டு சிரித்தார்கள். ஹஸ்ரத் சிரிக்கவில்லை. "நீங்க வேலைக்காகப் படிக்கிறீங்க. இவர் உசுருக்காகப் படிக்கிறார். யாருக்கு மண்டையில ஏறுதுன்னு பாப்போம்," என்றார்.

ஏறியது, ஆனால் நத்தை போல ஏறியது. குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தேன். வாசலில் பராத் நின்று என் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். இன்னும் பாதிப் பாடம் பாக்கி என்ற பதற்றத்திலேயே காய்ச்சல் இறங்கிவிட்டது. இப்படியே இரண்டு குளிர்காலம் போனது. ஒரு நாள் பாடத்தின் நடுவே கேட்டேன்:

"ஹஸ்ரத், வயசொத்தவங்க எல்லாம் சாகணும்னு குர்ஆன்ல இருக்கா?"

"இல்ல."

"நபி சொல்லியிருக்காங்களா?"

"இல்ல. போனவன் எத்தனை காலம் இருப்பான்னு தெரியல. அவனோட பொறந்தவங்களைப் பாத்து நம்ம இமாமுங்க யோசிச்சு வச்ச அளவு அது."

"அப்ப என் உசுரு ஒரு ஊகத்துலயா தொங்குது?"

"ஊகம்னு ஒதுக்காதீங்க, அறிவால எடுத்த முடிவு. அப்படி எடுத்த முடிவுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைப் புடிங்க."

வாரம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். தைத்த சேணமெல்லாம் கோணலாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை கழிந்ததும் காஜியார் முன்னால் போய் நின்றேன். ஒரு பக்கம் ஹோசியத், மறு பக்கம் பராத்.

"காஜியாரே, நான் தினமும் புலவு திங்கிறேன். குளிருக்குக் கணப்பு இருக்கு, காய்ச்சலுக்கு ஹக்கீம் இருக்கார். மெங்லிபாய் போனது தண்ணியில்லாத மணலுக்கு. அவன் தோல்பை கிழிஞ்சு வந்ததை ஊரே பாத்துச்சு. பொறந்த வருசம் ஒண்ணுதான், போன எடம் ஒண்ணா? நிழல்ல கெடக்குற என் மூச்சு, அவன் மூச்சுக்கு எப்படிச் சாட்சியாகும்?"

காஜியார் எழுதுகோலைக் கீழே வைத்தார். பராத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"அப்ப நான் சொன்ன தீர்ப்பு தப்புங்கிற?"

அந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னவர்களுக்குச் சவுக்கடி கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"தப்பில்ல காஜியாரே. யோசிச்சுச் சொன்ன தீர்ப்புதான். இன்னும் கொஞ்சம் யோசிங்கன்னு கேக்குறேன்."

"யாருய்யா இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"மொதல்ல பயம். அப்புறம் இனாயத்துல்லா ஹஸ்ரத்."

மார்க்கச் சட்டம் சொல்லும் முஃப்திகளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கூடிப் பேசி முடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிர் தப்ப அரிதான இடத்தில் தொலைந்தவன் விஷயத்தை, சூழ்நிலையைப் பார்த்துக் காஜியே முடிவு செய்யலாம் என்று நாம் பின்பற்றும் சட்டவழியான மத்ஹபிலேயே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். மெங்லிபாய் இறந்தவனாக அறிவிக்கப்பட்டான். விதவை காத்திருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்ததும் ஹோசியத்துக்கும் பராத்துக்கும் நிக்காஹ் நடந்தது. விருந்தில் என் தட்டில் கொழுப்பே இல்லை. பராத் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தான்.

பயம் விட்டது என்று நினைத்தேன். அடுத்த வசந்தத்தில் கீவாவிலிருந்து ஒட்டக வரிசை வருகிறது என்று சத்தம் கேட்டது. ஊசியைப் போட்டுவிட்டுக் கோட்டை வாசலுக்கு ஓடினேன். அறிவால் எடுத்த முடிவுதான். ஆனால் பாலைவனத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. இறங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சற்றுத் தள்ளி, முகத்திரைக்குள்ளிருந்து ஹோசியத்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஒட்டகம் போகும் வரை இருவரும் நின்றோம். மெங்லிபாய் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். திரும்பிப் போனாள்.

நான் நேரே மதரஸாவுக்குப் போனேன்.

"என்ன பெரியவரே, இப்படி மூச்சு வாங்குது? உங்க காரியந்தான் முடிஞ்சுபோச்சே?"

"ஹஸ்ரத், இறந்துட்டான்னு தீர்ப்பாகி, பொண்டாட்டி வேற நிக்காஹும் பண்ணிக்கிட்டப்புறம், காணாமப் போனவன் திரும்பி வந்து நின்னா?"

"அது அடுத்த வருசப் பாடம்."

"இன்னிக்கே ஆரம்பிங்க," என்று பாயில் உட்கார்ந்தேன்.