உப்பு எங்கிருந்து வந்தது

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆனி மாதம், போரால் மின்சாரமே இல்லை; சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்கலாம். உலக நாடுகள் கூடி, பூமி சூடாவதைப் பற்றிப் பேசியதைக் கேட்ட நாளிலிருந்து கமலாவதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடுவிலில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் அவள். கண்டவர்களிடமெல்லாம் அதையே கதைத்தாள். தொண்டைமானாற்றில் இருந்த அக்காவின் புருசன் இளையதம்பியிடமும் சொன்னாள்:

"கடல் உயருது அத்தான். உங்கடை பக்கத்துக் கிணறுகள் உவர்க்கிறது அதாலைதான்."

இளையதம்பி அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய வெங்காயத் தோட்டத்தில் மண்ணெண்ணெய் மிசின் நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வளவு நல்லம்மாவின் கிணறு வாயில் வைக்க முடியாதபடி உப்பாகிவிட்டது. மிசினாலைதான் என்று அவள் வேலியில் நின்று சண்டை பிடித்தபோது, "படிச்ச ரீச்சரே கடல் எண்டு சொல்லுறா, என்ரை மிசின் என்ன செய்யும்?" என்று அவர் அவளின் வாயை அடைத்துவிட்டார்.

அந்த ஊர் வாசிகசாலையில் இதைப் பற்றிப் பேசக் கமலாவதியைக் கூப்பிட்டார்கள். கையில் சான்று இருந்தால் நல்லது என்று, பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருந்த கொஞ்ச வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலோடு காலையிலேயே சைக்கிளில் போய்க் கிணறு கிணறாக நீர் எடுத்தாள். உப்பிருந்தால் இரண்டு துளியில் நீர் வெளுக்கும். கடற்கரையோரக் கிணற்று நீர் இலேசாகக் கலங்கியதோடு சரி. மிசினை நெருங்க நெருங்க வெண்மை கூடியது. நல்லம்மாவின் நீர் பாலாகிவிட்டது.

கடலாலென்றால் கரைக் கிணறுதானே கூடுதலாய் வெளுத்திருக்க வேண்டும் என்று கமலாவதி நினைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்த இளையதம்பி மிசின் பக்கம் திரும்பி நடந்தார்.

பின்னேரம் வாசிகசாலை நிறைந்திருந்தது. நூறு வருசத்துக்கு மேலாக நிலக்கரியும் பெற்றோலும் எரித்த புகையிலுள்ள காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு வானில் தங்கி, வெக்கையை வெளியே போகவிடாமல் மறிக்கிறது என்று விளக்கினாள். தென்துருவப் பனிக்கட்டிக்குள் அகப்பட்ட பழங்காலத்துக் காற்றில் அந்த வாயு எவ்வளவு குறைவு என்பதையும் சொன்னாள். அடுத்து உப்புக்கு வரவேண்டும். அந்நேரம் இராணுவ ஹெலியின் சத்தம் கேட்டது. சனம் விழுந்தடித்து வெளியே ஓடிப் பங்கர்க் குழிக்குள் இறங்கியது.

பனங்குற்றிக் கூரையின் கீழ் இளையதம்பி அவள் காதருகே குனிந்தார். "கடல் எண்டு சொல்லிப்போட்டு முடி, கமலா. மிச்சம் எங்கடை வீட்டுக் கதை. உன்ரை அக்காவின்ரை சோறும் அந்தத் தோட்டந்தான்."

தூரத்தில் சூட்டுச் சத்தம் கேட்டு அடங்கியது. எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினார்கள். கமலாவதி முன்னால் போய் நின்றாள்.

"நான் முந்திப் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றாள். "எங்கடை நிலத்துக்குக் கீழை நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேலைதான் மிதக்குது. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் கீழையிருந்து உப்பு ஏறும். நல்லம்மாக்கான்ரை கிணத்துக்கு நடந்தது அதுதான். கடல் உயருறது உண்மை. ஆனால் போன நூறு வருசத்திலை ஏறினது ஒரு சாணும் வராது. இந்த உப்பு எங்கடை மிசின் கொண்டுவந்தது."

இளையதம்பி எழுந்து வெளியே போனார். நல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அதன்பிறகு அக்கா வீட்டுப் படலை கமலாவதிக்குத் திறக்கவில்லை. ஆனால் மிசின் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடியது, அக்காவே நிறுத்துவித்தாளாம். மாரி பெய்து நல்லம்மாவின் கிணறு கொஞ்சம் தேறியது. மழையாலோ, மிசின் ஓய்ந்ததாலோ, கமலாவதியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தை மாதம் சந்தையில் நல்லம்மா அவளை மறித்தாள். "ரீச்சர், பூமி சூடாகிறதெண்டது சும்மா கதையாம். அண்டைக்கு நீங்கள் பிழையெண்டு சொன்னது அதைத்தானாமே? ஊரெல்லாம் இதைத்தான் கதைக்குது."

"ஐயோ, அப்பிடி இல்லையக்கா!" கமலாவதி மரக்கறிப் பையைக் கீழே வைத்தாள். "உப்பு எங்கடை பிழை. சூடு உலகத்தின்ரை பிழை. ரெண்டும் உண்மை. கடல் இன்னும் உயர்ந்தால், இப்ப தேறின கிணறுகளும் தாங்காது."

"அப்ப திரும்ப வந்து சொல்லுங்கோவன்."

"ஓம், வாறன்," என்றாள். அந்த ஞாயிறே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு புறப்பட்டாள்.