சிவப்புத் துணி கட்டிய செடிகள்

தெருக்கோடியில் கிடந்த காலி நிலத்துக்கு அந்தத் தெரு வைத்த பெயர் புதர். புதர் என்று பெயர் வைத்துவிட்டால் போதும். வெட்டுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. வண்டி நிறுத்த அந்த இடம் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் கைகள் உயர்ந்தபோது, மடியிலேயே கிடந்த ஒரே கை தையல்காரியுடையது.

“உள்ள என்ன இருக்குன்னு யாராவது போய்ப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள்.

“பாம்பு இருக்கும்மா,” என்றார் செயலாளர்.

“பாம்பு மட்டும் தனியாவா குடித்தனம் நடத்துது?”

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் அவள் ஒரு தீர்மானத்தை வாங்கிக்கொண்டாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லோரும் நடந்து பார்ப்பது. இந்த மண்ணுக்கே உரிய செடி, உயிர் என இருபது வகை காட்டினால் நிலம் பிழைக்கும். ஒன்று குறைந்தாலும் தரைமட்டம்.

அவளுக்குத் துளியும் அச்சமில்லை. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டு வருடமாக அந்தப் புதரை எட்டிப் பார்த்தவள் அவள். சனிக்கிழமை மாலை, ரவிக்கைத் துணியில் மிஞ்சிய சிவப்புக் கீற்றுகளை எடுத்துப்போய், மறுநாள் காட்ட வேண்டிய பதினான்கு செடிகளில் அடையாளமாகக் கட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் எல்லோரும் கூடியபோது உள்ளே இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

“நடக்கப் பாதை போடத்தான் ஆள் வரச் சொன்னேன்,” என்றார் செயலாளர், சற்றே வெளிறி.

ஓடிப்போய்ப் பார்த்தாள். பாதை ஓரமாக நான்கு செடிகள் சாய்ந்து கிடந்தன. நான்கின் கழுத்திலும் சிவப்புத் துணி. நடுவில் ஒரு பேயத்திச் செடி மட்டும் எப்படியோ தப்பி நின்றது.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?”

வெட்டுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். “சிவப்பு கட்டியிருந்தா வெட்டணும்னு அர்த்தம், தங்கச்சி. இருபது வருசமா எங்க வேலையில அதுதான் அடையாளம்.”

“என் கடையில சிவப்பு கட்டியிருந்தா யாரும் கத்தரி வைக்கக் கூடாதுன்னு அர்த்தம்.”

“அதை அதுக்கிட்ட சொல்லியிருக்கணும்,” என்று இயந்திரத்தைத் தட்டினார் அவர்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “விழுந்ததைக் கணக்குல சேர்க்க முடியாதும்மா.”

“சேர்க்க வேண்டாம். நிக்கிறதைப் பாருங்க. வாங்க.”

புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னே நடந்தாள். குப்பையில் முளைத்தாலும் மருந்தாக நிற்கும் குப்பைமேனியைக் காட்டினாள். வெள்ளைப் பூவில் தேனீ தொங்கிய தும்பையைக் காட்டினாள். யாரும் விதைக்காமல், யாரும் நீர் வார்க்காமல், யாரிடமும் கையேந்தாமல் வளர்ந்து நின்ற எருக்கின் இலையைத் திருப்பினாள். கறுப்பும் மஞ்சளும் வரியோடிய புழு ஒன்று அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தது. “இதுதான் வளர்ந்து வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஆகும். இந்தச் செடி போனா அதுக்குச் சோறு போச்சு.” அரணை ஓடியது, ஓணான் தலையாட்டியது, செண்பகப் பறவை ஒன்று சிவந்த கண்ணால் முறைத்துவிட்டுப் பறந்தது. செயலாளர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

பத்துச் செடி, ஒன்பது உயிர். வேலி வந்துவிட்டது.

“இதோ இருக்கே,” என்றார் செயலாளரின் மனைவி, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்த ஒரு புதரைக் காட்டி. “எவ்வளவு அழகு! இருபது ஆச்சு.”

தலையாட்டினால் போதும், அங்கே மறுத்துச் சொல்ல ஆளில்லை. தையல்காரி அந்தப் பூவை ஒரு நொடி பார்த்தாள்.

“இல்லக்கா. இது உண்ணிச்செடி, கப்பலேறி வந்தது. வந்ததைக் குத்தம் சொல்லல. ஆனா தான் நின்ன இடத்துல பக்கத்துல ஒருத்தரையும் தலையெடுக்க விடாது. இதைக் காட்டி ஜெயிச்சா நான் உங்களை ஏமாத்தினதா ஆகும்.”

“அப்ப பத்தொன்பதும்மா,” என்றார் செயலாளர். அவர் குரலில் வெற்றி இல்லை.

“இன்னும் திரும்பி நடக்கலையே. பாதி வழி பாக்கி இருக்கு.”

பின்னாலிருந்து வெட்டுக்காரர் கேட்டார்: “நாலு செடியை வெட்டினவன் அந்தப் பேயத்தியை ஏன் விட்டேன்னு ஒருத்தரும் கேக்கலையே. அதுலயும்தான் சிவப்பு இருக்கு.”

அவரே கூட்டிப்போய், அதன் அடிக்கிளையில் அகன்ற இலையொன்றை விரலால் மெல்ல விலக்கினார். இரண்டு ஓரங்களையும் இழுத்து, நாரிழையால் தைத்த பை. உள்ளே எருக்கம் பஞ்சு மெத்தை. மெத்தையில் மூன்று முட்டைகள். தையல்சிட்டின் கூடு.

நேற்று அதே கிளையில்தான் துணி கட்டியிருந்தாள். இலையைப் பார்த்தவள் தையலைப் பார்க்கவில்லை. குனிந்து ஒவ்வொரு தையலாக எண்ணினாள்: பதினொன்று. ஒன்றுகூடப் பிரியவில்லை.

“நல்ல கை,” என்றாள்.

“இருபது,” என்றார் செயலாளர்.

தையல்காரி பேயத்தியில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தாள். வேலிக்கு நடந்துபோய் உண்ணிச்செடியின் தண்டில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

“அண்ணே, இப்ப உங்க அடையாளப்படியே ஆரம்பிங்க.”