பத்தாசிக்கு வெல்லம் ஆகாது

குதிரையின் முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே பின்பக்கமாக இரண்டு விரல்களை வைத்தால் நாடி தெரியும். நல்ல நாளில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று காலை பதாமி தேட வேண்டியிருக்கவில்லை. விரல் பட்டதுமே திம் திம் என்று அடித்தது. குளம்பைத் தொட்டாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டிக்கல் போலச் சுட்டது.

"எந்தப் பாவி மறுபடியும் இவ வாயில போட்டது?" என்று லாயத்திலிருந்தே கத்தினாள். முற்றத்தில் தானியம் கொத்திக்கொண்டிருந்த மயில்கள் சுவரேறிப் பறந்தன.

குதிரை பத்தாசி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. முன்னங்கால்களை நீட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் அந்த நிற்பு பதாமிக்கு நன்றாகத் தெரியும், குளம்பு வலிக்கிற நிற்பு.

சோஜத் ஊரின் பாதி மாப்பிள்ளைகளைச் சுமந்த வெள்ளைக் குதிரை அது. கல்யாணங்களில் இறைக்கிற வெள்ளைச் சர்க்கரை மிட்டாயின் பெயரைத்தான் குட்டியாக இருக்கும்போது வைத்தார்கள். வைத்த பெயரோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை ஏறுவதற்கு முன்னால் அவன் வீட்டுப் பெண்கள் ஊறவைத்த கடலைப்பருப்பில் வெல்லத்தைப் பிசைந்து தட்டில் கொண்டுவந்து குதிரைக்கு ஊட்டுவார்கள். அது வாய் திறந்து வாங்கினால்தான் சகுனம் நல்லது. அம்மா ஒரு கை, அத்தை ஒரு கை, அண்ணிகள் ஆளுக்கொரு கை. முகூர்த்த மாதத்தில் ஒரே நாளில் இரண்டு வீடு என்றால் இரண்டு தட்டு. அப்புறம் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் தார்ச்சாலையில் ஆட்டம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாரும் பக்தியோடுதான் அந்தக் கால்களைக் கெடுத்தார்கள்.

முதல் தடவை அவள் நொண்டியபோது, வாயு என்றார்கள். வாயுவுக்கு என்ன? வெல்லம், நெய், ஓமம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்தார் பதாமியின் கணவர் ராவத் சிங். நொண்டல் கூடியது. உருண்டையையும் கூட்டினார். கடைசியில் குதிரை படுத்துவிட்டது. டாக்டர் மாத்தூர் வந்து குளம்பை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தித்திப்புதான் நேரா குளம்புல போய் இறங்கிருக்கு. உள்ள எலும்ப குளம்போட ஒட்டவச்சிருக்கிற சதை வெந்துபோச்சு. எலும்பு சாஞ்சு நிக்குது பாருங்க. வயசான குதிரை, இனிமே இது போகாது, வந்து வந்து போகும். நீங்க கவனமா இருந்தா நடமாடும். இன்னொரு தடவை பெருசா வந்துச்சு, எலும்பு அடிப்பக்கமா வெளிய வந்துடும். அப்புறம் என்கிட்ட மருந்து கிடையாது, ஊசிதான்."

அன்றிலிருந்து பத்தாசியின் வாய்க்குப் பதாமிதான் காவல். காய்ந்த புல்லைக் கூட, அதிலிருக்கும் தித்திப்பு இறங்கத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுவாள். கம்பு இல்லை, கடலை இல்லை, பச்சைக் குதிரைமசால் தழை இல்லை. லாயத்தில் முழங்கால் புதைய ஆற்றுமணல் கொட்டி வைத்தாள். லாடக்காரனைக் கூப்பிட்டுக் குளம்பின் முன்நுனி நீளாமல் அராவிவிடச் செய்தாள். வெளியே பிடித்துப் போகும்போது தன் கையால் கயிற்றில் பின்னிய வாய்க்கூடையை மாட்டினாள். தெரு சிரித்தது. சிரிக்கட்டும். பத்தாசி நடந்தாள்.

இத்தனைக்கும் பிறகு இப்போது மறுபடியும் சூடு.

நேரே பக்கத்து முற்றத்துக்குப் போனாள். அவளுடைய ஓரகத்தி சுகன், கணவருடைய அண்ணன் மனைவி, அங்கே மருதாணி இலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் மகன் கேத்துவுக்குத்தான் அடுத்த வாரம் கல்யாணம்.

"அக்கா, குதிரைக்கு என்ன போட்ட?"

"நான் ஏன் போடணும்? உன் குதிரை, உன் ராஜ்ஜியம்."

"நாடி அடிக்குது. குளம்பு கொதிக்குது. தானா கொதிக்குமா?"

"பட்டினி போட்டா கொதிக்காம என்ன பண்ணும்? விலா எலும்ப எண்ணிடலாம் போல இருக்கு. என் மாமனார் கூட அவ மேல ஏறின மாப்பிள்ளைங்கள பார்த்துட்டுத்தான் கண்ண மூடினாரு. இப்ப என் பையன் பிச்சைக்காரக் குதிரை மேல ஏறணுமா?"

"அதானே! உடம்பு தேறட்டும்னு நீயே திணிச்சிருக்க."

"என் மவன் மேல சத்தியமா நான் தொடல."

"கல்யாணத்துக்கு நிக்கிற பையன் மேல சத்தியம் பண்ணாத. பொய்ச் சத்தியம் பலிச்சிரும்."

சுகன் மருதாணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். அப்புறம் இரண்டு முற்றத்துக்கும் நடுவில் பறந்த வார்த்தைகளை எழுதினால் காகிதம் கருகும். ராவத் சிங் அங்கேதான் நின்றிருந்தார். தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே இருந்தார், சுற்றி முடியவே இல்லை. வாயை மட்டும் திறக்கவில்லை. பதாமி அதைக் கவனித்திருக்கலாம். கோபத்தில் இருப்பவளுக்கு எதிரில் இருப்பவள் முகம்தான் தெரியும்.

அந்தத் தடவை தப்பித்தது. குளிர்ந்த தண்ணீரில் கால்களை நிறுத்தி, மருந்துப் பொடியை ஊறிய புல்லோடு ஊட்டி, மணலிலேயே கிடந்து பார்த்ததில் சூடு இறங்கியது. கல்யாண வாரத்தில் பத்தாசி சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தாள்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அவளைத்தான் கொண்டுவர வேண்டும் என்று குடும்பமே ஒற்றைக்காலில் நின்றது. பதாமி மூன்று நிபந்தனை போட்டாள். கேத்து ஏறக்கூடாது, முதுகைத் தொட்டுக் கும்பிட்டால் போதும். வாசலைத் தாண்டித் தார்ச்சாலைக்குப் போகக்கூடாது. வாய்க்கூடையைக் கழற்றக்கூடாது.

"வாயக் கட்டின குதிரைய எவ வீட்லயாவது நிறுத்தியிருக்காளா?" என்று கல்யாணத்தன்று சுகன் தட்டோடு நின்று கேட்டாள். பின்னால் பாடிக்கொண்டிருந்த பெண்களின் பாட்டு நின்றது.

"இங்க நிறுத்துவா. ஊட்டு."

"எங்க ஊட்ட? கயித்துக்கா?"

"கயித்துக்கு ஊட்டு. சாமிக்குத் தெரியும்."

பதாமி தலையில் போட்டிருந்த சிவப்பு ஓட்னியின் முந்தியை விரித்துக் குதிரையின் வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பருப்பை வாய்க்கூடையில் தொட்டுத் தொட்டு விட, எல்லாம் அவள் முந்தியில் விழுந்தது. பத்தாசி மூக்கை விரித்து விரித்து மோந்தாள். மோந்ததோடு சரி. கேத்து அவள் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாடகைக் குதிரையில் ஏறினான். முந்தி கனக்கக் கனக்கப் பதாமிக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டாள். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தாடை வலிப்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் குதிரைய கட்டிட்டு ஆம்பளைங்க பஸ்ல ஏறிக்கிறேன். நீ பொம்பளைங்களோட போ, பாட்டு ஆரம்பிச்சிருவாங்க" என்றார் ராவத் சிங். அவ்வளவு கனிவாகச் சொன்னார்.

ஆண்கள் எல்லாரும் பெண் வீட்டுக்குப் போனபின் மாப்பிள்ளை வீட்டில் பெண்களின் ராஜ்ஜியம். ஒருத்தி மாப்பிள்ளை வேஷம், ஒருத்தி மணப்பெண் வேஷம், வாயில் வராத பாட்டெல்லாம் வரும். பதாமி கரியால் மீசை வரைந்துகொண்டு மாப்பிள்ளையாக ஆடினாள். சுகன் கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விடிந்ததும் மீசை கலையாமலே லாயத்துக்குப் போனாள். முளையில் வாய்க்கூடை தொங்கியது. எடுத்தாள். கை பிசுக்கென்று ஒட்டியது. கயிற்றுப் பின்னலின் உள்ளே நெய்யும் வெல்லமும் அப்பியிருந்தன. நடுவில் ஓமம்.

ஓமம் போட்டு உருண்டை பிடிப்பது அந்த வீட்டில் ஒரே ஆள்தான்.

வாயைக் கட்டுவதற்காக அவள் பின்னிய கூடையிலேயே வைத்து ஊட்டியிருக்கிறார். மூலையில் சட்டி கிடந்தது. கல்யாணத்துக்குப் பருப்பு ஊறவைத்த சட்டி, மிச்சம் இருந்தது அதுவும் காலி.

பத்தாசி இன்னும் நன்றாகத்தான் நின்றாள். அதுதான் கொடுமை. கால் இன்னும் சுடவில்லை, வரப்போவது மட்டும் தெரியும். பதாமி டாக்டருக்குப் போன் போட்டாள். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து கட்டி கட்டியாக வரவழைத்துக் கால்களைச் சுற்றி அடுக்கினாள். தின்றது வெளியேறட்டும் என்று டாக்டர் மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றில் எண்ணெய் இறக்கினார். அவள் பகலெல்லாம் ஐஸ் உடைத்தாள். ஒவ்வோர் அடியிலும் வாயில் புருஷன் பெயர்தான் வந்தது. கட்டின நாளிலிருந்து உச்சரிக்காத பெயர்.

மறுநாள் விடியலில் பத்தாசி படுத்துவிட்டாள். எழுப்பியபோது எழவில்லை. டாக்டர் வந்து குளம்பைத் தூக்கி அடியைக் காட்டினார். முன்பக்கம் பிறை மாதிரி புடைத்து வெடித்திருந்தது. இடது காலில் எலும்பின் நுனியே தெரிந்தது.

"சொல்லியிருந்தேனே அம்மா" என்றார் மெதுவாக.

"எனக்குத்தான் சொன்னீங்க" என்றாள் பதாமி. "கேக்க வேண்டியவருக்குக் கேக்கல."

நண்பகலில் பஸ் வந்தது. மணப்பெண்ணை வரவேற்க ஆரத்தித் தட்டோடு சுகன் வாசலில் நின்றாள். ராவத் சிங் இறங்கி, லாயத்தின் பக்கம் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். மணலில் கிடந்த குதிரையைப் பார்த்ததும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். பதாமி வாய்க்கூடையை அவர் மார்பில் எறிந்தாள்.

"மோந்து பாரு."

அவர் மோந்து பார்க்கவில்லை.

"முன்னாடியும் நீதான? சொல்லு. நான் அக்காவ முற்றத்துல வச்சுக் கிழிச்சப்ப பக்கத்துல நின்னு தலைப்பாகை சுத்தினியே, அப்பவும் நீதான?"

கல்யாணமானதிலிருந்து அவரை 'நீ' என்று சொன்னதில்லை. இன்று அது தானாக வந்தது, திரும்பிப் போகவும் இல்லை.

"மங்கல நாள்ல எல்லாரும் சாப்பிடறப்ப அவ வாய மட்டும் கட்டிட்ட" என்றார் ராவத் சிங். "பருப்பு மோந்துட்டு என்னையே பார்த்தா. இத்தன வருசம் நமக்கு உழைச்ச ஜீவன். பாவம் இல்லையா? ஓமம் சேத்துத்தான் குடுத்தேன், சூடு பிடிக்காதுன்னு."

"உனக்கு மனசு தாங்கல. அதான? உன் மனசுக்கு ஒரு உருண்டை, அவ காலுக்கு ஒரு எலும்பு. அவ பார்த்தான்னு குடுத்தியே, நான் தினம் பார்த்தேனே, குடுத்தேனா? எனக்கு மனசே இல்லன்னு நினைச்சியா?"

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற சுகன் உள்ளே வந்துவிட்டாள். பதாமி அவளைப் பார்த்து, "அக்கா, உன்ன பேசினது தப்பு" என்றாள். சுகன் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். ராவத் சிங் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசி வேண்டாம் டாக்டர் சாஹிப். கொல்றது மகாபாவம். கிடக்கட்டும், தானா போகட்டும்."

"எத்தன நாள் கிடக்கணும்? சொல்லு!" பதாமி அவர் கையை டாக்டரிடமிருந்து பிய்த்தாள். "பாவம் எல்லாம் நீ பண்ணியாச்சு. மிச்சத்த நான் பண்றேன். கைய எடு."

எழுந்து சுகன் வீட்டுச் சமையலறைக்குள் போனாள். கல்யாணத்துக்கு வாங்கிய மண்டை வெல்லம் அங்கே பாதி மிச்சம் இருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். லாயத்துச் சுவரில் மோதி உடைத்தாள். வெல்லத்தின் வாசனை வந்ததும் பத்தாசியின் காது நிமிர்ந்தது.

ராவத் சிங் மண்டியிட்டு ஒரு துண்டை எடுக்கக் கை நீட்டினார். பதாமி புறங்கையால் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"உன் கையால வேண்டாம். இத்தன நாளா உன் கையாலதான தின்னா."

தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த குதிரை உதட்டை நீட்டி அதை எடுத்தது. மென்றது. இன்னொரு துண்டு. இன்னொன்று. யாரும் தடுக்க வேண்டிய அவசியம் இனி இல்லை. கன்னத்தில் மிச்சமிருந்த கரி மீசை கண்ணீரில் வழிந்து அவள் ஓட்னியைக் கறையாக்கியது.

வெல்லம் தீர்ந்த பிறகும் பத்தாசி அவள் உள்ளங்கையை நக்கிக்கொண்டே இருந்தாள். பதாமி கையை எடுக்காமல் டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள்.